ஒரு புள்ளி அகலம்

புர்னோவில் நவம்பர் வந்தால்
நாலு மணிக்கே தெருவிளக்கு.
பகலில் மீனுக்கு, மாலையில் போஹுமிலாவுக்கு
நான் எழுதுவது ஒரே நிரல்.
கோப்பின் பெயரை மட்டும் மாற்றுவேன்.

ஆய்வகத்து மீனுக்கு வரிக்குதிரை என்று பெயர்.
சாலையைக் கடக்கும் வெள்ளைப் பட்டைகளுக்கும் அதே பெயர்.
இந்த வேடிக்கையைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.
மீனையோ பட்டையையோ
குதிரையையோ பார்த்தவளில்லை.

வால்நுனி நறுக்கிய மூன்று நாள் குஞ்சு.
காயத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன வெள்ளணுக்கள்.
ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது?
தெருவில்:
நடைபாதை எங்கே முடிகிறது, ட்ராம் எங்கே தொடங்குகிறது?
சம்பளம் இரண்டு, கேள்வி ஒன்று.

விளிம்பு தேடுமுன் இரைச்சலைத் துடைக்க வேண்டும்.
அதற்கொரு பழைய முறை.
ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டை எட்டையும் கூப்பிடும்.
ஒன்பதையும் வெளிச்ச வரிசையில் நிறுத்தினால்
ஐந்தாவதாய் நிற்பது சொல்வதே தீர்ப்பு.
தனியாய்க் கத்துகிறவன் வாயடைத்துப் போவான்.
எட்டு மாதமாய் இதைப் பெருமையாகவே
எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழன், பனி பாதி உருகிக் கிடந்தது.
அவள் நெஞ்சில் கேமரா, காதில் என் நிரலின் குரல்.
வெள்ளைத்தடி என் கையில்.
சோதனைக்காக என்று நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.

"படி" என்றது குரல்.
காலை உயர்த்தி மெல்ல வைத்தாள்,
ஒரு கம்பத்தின் நிழல் மேல்.
"உன் பெட்டி நிழலுக்கெல்லாம் மரியாதை செய்கிறதே."
சிரித்தோம்.
நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

பிறகு, "வழி காலி" என்றது.

இரண்டு குட்டைத் தூண்கள், நடுவே ஒரு சங்கிலி.
எனக்குத் தெரிந்தது. வாய் திறப்பதற்குள்
அவள் கணைக்கால் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சங்கிலி ஒரு புள்ளி அகலம்.
அது ஓடும் இடமெல்லாம் ஒன்பது பேர் கூடியபோது
சங்கிலிக்கு மூன்று வாக்கு, பனிக்கு ஆறு.
தீர்ப்பில் பிழையில்லை. கணக்கு சரி.
கால்தான் வீங்கியிருந்தது.

தூக்கம் வரவில்லை.
மீன் படத்திலும் அந்த ஓட்டெடுப்பை நிறுத்திப் பார்த்தேன்.
திரை முழுக்க உப்பைக் கொட்டியது போல் ஆனது.
அதற்குள்ளே
ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு
மெல்லிய இழை ஒன்று.
நீண்டது. தொட்டது. சுருங்கிக்கொண்டது.
ஒரு புள்ளி அகலம்.
எட்டு மாதம் அதை நான் துடைத்துக்கொண்டிருந்தேனா?
அல்லது பொறுக்கிய தூசியைக் கோத்து
நானே இழை என்கிறேனா?
மறுபடி ஓட்டினேன். மறுபடி. ஒருமுறை இருந்தது,
ஒருமுறை இருந்த மாதிரி இருந்தது.

காலையில் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.
ஐஸ் வைத்திருக்கிறாளாம்.
"இப்போது உன் காலிலும் அதே கூட்டம்தான்
ஓடி வந்துகொண்டிருக்கும்" என்றேன்,
ஆறுதல் சொல்லத் தெரியாதவன்.
"அதுகளுக்கு யார் வழி சொல்கிறார்கள்?"
"யாருமில்லை. காயத்திலிருந்து கசிவதை
மோந்து வருகின்றன என்று வைத்துக்கொள்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. கரண்டி கோப்பையில் இடித்தது.
"நானும் ரொட்டிக் கடைக்கு அப்படித்தான் போகிறேன்," என்றாள்,
"உன் கேமரா இல்லாத நாட்களில்."

அடுத்த வியாழனும் வருவாளாம்.
தடியைத் தரமாட்டாளாம்.

சங்கிலிப் படத்தைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்,
மீன் படத்துக்கு அடுத்ததாக.
பெயர் இன்னும் வைக்கவில்லை.